பிட்ஸ்பர்கில் கிளமென்டேயின் தடம் பார்க்க ஒரு நாள் போதும்

ராபர்ட்டோ கிளமென்டே 1955 முதல் 1972 வரை 18 பருவங்களும் பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் பேஸ்பால் அணிக்கே ஆடினார். அதனால் போர்ட்டோ ரீக்கோவில் பிறந்த அந்த மனிதரின் மேஜர் லீக் வாழ்க்கையை இந்த ஓர் ஊரிலேயே தொடர்ந்து பார்த்துவிடலாம். பலரும் நேரே பைரேட்ஸின் இன்றைய ஆற்றங்கரை மைதானமான பி.என்.சி. பார்க்குக்குப் போய்ச் சிலையோடு படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். நீங்கள் நகரின் ஓக்லாந்து பகுதியில் தொடங்குங்கள்.

விமான நிலையத்திலிருந்து வரும் 28எக்ஸ் பஸ் டவுன்டவுன் வழியாக ஓக்லாந்துக்கே போகும். அங்கே பல்கலைக்கழக வளாகத்துக்குள் ஃபோர்ப்ஸ் ஃபீல்டின் செங்கல் சுவரும் கொடிக்கம்பமும் மிஞ்சியிருக்கின்றன. பைரேட்ஸ் 1970 ஜூன் வரை ஆடிய திடல் இது. சுவரில் 457 அடி என்று எழுதியிருப்பதைப் பாருங்கள். மட்டையாளர் நிற்கும் இடத்திலிருந்து சுவர் இருந்த தூரம் அது, 152 கஜம்! கிரிக்கெட்டில் எல்லைக்கோடு 90 கஜத்தைத் தாண்டக் கூடாது. இப்படிப்பட்ட திடலில் வலப்பக்க வெளிக்களத்தைக் காத்துத்தான் அவர் கை பேர் வாங்கியது. தடுப்பாட்டத்துக்கான தங்கக் கையுறை விருது 12 முறை.

இங்கே ஒரு குழப்பம் வரும். பேஸ்பாலின் இறுதிப் போட்டியான உலகத் தொடரை 1960இல் பைரேட்ஸுக்கு வென்று தந்த மஸரோஸ்கியின் பந்து தாண்டியது இந்தச் சுவரை அல்ல. அந்த இடது பக்கச் சுவர் நின்ற இடம் நடைபாதையில் செங்கல் வரிசையாகப் பதிக்கப்பட்டிருக்கிறது. கீழே பார்த்து நடந்தால்தான் கண்ணில் படும். பக்கத்தில் போஸ்வார் ஹாலுக்குள், தரையில் கண்ணாடிக்கு அடியில், மட்டையாளர் நின்று அடிக்கும் இடத்தைக் குறிக்கும் ஹோம் பிளேட் இருக்கிறது. வகுப்புகள் நடக்கும் கட்டடம் என்பதால் வார நாளில் போவது நல்லது.

அடுத்து பென் அவென்யூவில் பழைய தீயணைப்பு நிலையத்தில் இயங்கும் கிளமென்டே அருங்காட்சியகம். முன்பதிவு இல்லாமல் போய் நிற்காதீர்கள்.

சாயங்காலம் டவுன்டவுனிலிருந்து கிளமென்டே பாலத்தை நடந்தே கடக்கலாம். ஆட்ட நாளில் அதில் கார் விடமாட்டார்கள். காரில் வருபவர்கள் வேறு பாலம் பிடிக்க வேண்டும். பாலம் முடியும் இடத்தில் சிலை, மட்டையைச் சுழற்றிவிட்டு ஓடத் தொடங்கும் கணம். முகத்தை மட்டும் பார்த்துவிட்டு நகராதீர்கள், பீடத்துக்குக் குனியுங்கள். அவர் ஆடிய மூன்று திடல்களின் மண்ணை அங்கே வைத்திருக்கிறார்கள்: போர்ட்டோ ரீக்கோ, ஃபோர்ப்ஸ் ஃபீல்ட், அதற்குப் பின் பைரேட்ஸ் ஆடிய த்ரீ ரிவர்ஸ்.

த்ரீ ரிவர்ஸில்தான் 1972 செப்டம்பர் 30 அன்று 3000வது ஹிட் (பந்தை அடித்துவிட்டு ஆட்டமிழக்காமல் பேஸை எட்டுவது) அடித்தார். பருவத்தின் வழக்கமான ஆட்டங்களில் அவர் அடித்த கடைசி ஹிட்டும் அதுவே. டிசம்பர் 31 அன்று, நிகராகுவா நிலநடுக்கத்தில் தவித்தவர்களுக்குப் பொருள் ஏற்றிச் சென்ற விமானம் கடலில் விழுந்து இறந்தார். வயது 38. ஆடி முடித்தபின் ஐந்தாண்டு காத்திருக்க வேண்டும் என்ற விதியைத் தள்ளிவைத்து 1973லேயே பேஸ்பாலின் புகழ் மன்றமான ஹால் ஆஃப் ஃபேமில் சேர்த்தார்கள்.

பி.என்.சி. பார்க்கில் ஆட்டம் பார்க்க டிக்கெட் எடுப்பதானால் மூன்றாம் பேஸ் பக்கம் கேளுங்கள். அவர் சட்டை எண்ணுக்காகவே 21 அடி உயரத்தில் கட்டிய வலப்பக்கச் சுவர் அங்கிருந்து நேரெதிரே முழுசாகத் தெரியும்.