தபாலுக்கு முன்

ஜனவரி 22, 2024
இஷா புயல். அயர்லாந்தின் மேற்கே, எங்கள் கால்வேக்குச் சிவப்பு எச்சரிக்கை விட்டிருந்தார்கள். ராத்திரி பூராவும் ஜன்னல் ஆடியது. இவர் மாத்திரை புண்ணியத்தில் தூங்கிவிட்டார். விடிகாலையில் காற்று தணிந்ததும் சமையலறையில் ரேடியோ போட்டேன். ஐரிஷ் மொழி நிலையத்தில் ஓர் ஆண் குரல், அது மட்டும்தான். பின்னால் சுருதிகூட இல்லை. குழாயை மூடிவிட்டுக் கேட்டேன். அறிவிப்பாளர் சொன்ன பெயரைக் காதில் விழுந்தபடி கரண்ட் பில்லின் பின்னால் எழுதி வைத்திருக்கிறேன்.

ஜனவரி 23
தபால் இல்லை. இன்னொரு புயலாம், ஜோஸ்லின்.

ஜனவரி 27
அந்த ரேடியோக் குரல் ஜோ ஹீனி. 1919இல் பிறந்தவர், கார்னா பக்கம். கன்னிமாராவின் மேற்கு ஓரம். இங்கிருந்து காரில் போய்விடலாம். (எழும்பூர் நூலகத்துக்குப் பெயர் வந்த கன்னிமாரா இதுதான். மதராஸ் கவர்னராக இருந்த பிரபுவின் பட்டத்தில் இருந்த ஊர். அங்கே பரீட்சைக்குப் படித்த காலத்தில் யாருக்குத் தெரியும்.)

நூலகத்தில் சிடி கிடைத்தது. 1964இல் நாட்டுப்பாடல் பாடகர்கள் இவான் மெக்காலும் பெக்கி சீகரும் அவரைப் பேசவிட்டு, பாடவிட்டுப் பதிவு செய்தது. அதில் கல் நிலத்தை உழுது மாளாத ஒரு கூலிக்காரனின் பாட்டை மட்டும் திரும்பத் திரும்பப் போடுகிறேன். புலம்பல் பாட்டுதான், ஆனால் குரலில் புலம்பல் கிடையாது. நடந்ததைச் சாட்சி சொல்கிறவர் போலப் பாடுகிறார். கட்டிப்போடும் தாளம் எதுவும் இல்லை. ஒரு சொல் எவ்வளவு நேரம் கேட்கிறதோ அவ்வளவு நேரம் கொடுக்கிறார். ஓர் எழுத்தின் மேல் சின்னதாக ஒரு சுழிப்பு, உடனே இறங்கிவிடுகிறார். நம் வித்வான்கள் யாராவது என்றால் அந்த இடத்தில் ஐந்து நிமிஷம் நின்றிருப்பார்கள், நாமும் தலையாட்டியிருப்போம்.

ஜனவரி 29
அம்மா போன். "என்னடி, ஏதாவது வந்துச்சா?"

ஜனவரி 30
நியூயார்க்கில், சென்ட்ரல் பார்க் ஓரத்து அடுக்குமாடி ஒன்றில், கதவு திறந்துவிடும் வேலை பார்த்திருக்கிறார். 1965 நியூபோர்ட் நாட்டுப்பாடல் விழாவில் பாடிய மனிதர். லிஃப்டுக்குப் போன அத்தனை பேரில் ஒருத்தராவது நின்று "ஒரு பாட்டு பாடுங்கள்" என்று கேட்டிருப்பார்களா? சாயங்காலம் முழுக்க இதே யோசனை. சாதம் குழைந்துவிட்டது.

பிப்ரவரி 2
மூன்று மரியாக்களின் ஒப்பாரி, ஏசுவின் சாவைப் பற்றி ஹீனி பாடும் பாட்டு. என் பிள்ளையைக் கண்டாயா என்று தாய் பேதுருவிடம் கேட்கிறாள். இப்போதுதான் கண்டேன், பகைவர் நடுவே, என்கிறார் அவர். நடுநடுவே 'ஓகோன்' என்று ஓலம் வருகிறது. அந்த ஓலத்தையும் சத்தம் கூட்டாமல் அதே உயரத்தில் வைக்கிறார். அதைத்தான் தாங்க முடியவில்லை.

"அதை நிறுத்தேன்" என்றார் இவர், உள்ளேயிருந்து. நிறுத்தினேன். அப்புறம் குளியலறையில் இயர்போனை மாட்டிக்கொண்டு மிச்சத்தைக் கேட்டேன்.

பிப்ரவரி 3
இல்லை.

பிப்ரவரி 5
புனித பிரிகித் நாள் விடுமுறை. தபால் கிடையாது என்று தெரிந்தே கீழே போய்ப் பெட்டியைத் திறந்து பார்த்தேன்.

மதியம் இவரே, "அந்தக் கிழவரைப் போடு" என்றார். கிழவர் இல்லை. பதிவின்போது நாற்பத்தைந்துக்குள்தான், இவர் வயது. அதைச் சொல்லவில்லை. அந்தப் பக்கத்து வழக்கம் ஒன்றைச் சொன்னேன்: பாடுகிறவர் கண்ணை மூடிக்கொள்வார், பக்கத்தில் இருப்பவர் அவர் கையைப் பிடித்து மெல்லச் சுற்றிக்கொண்டே இருப்பார். "கிணத்து ராட்டினம் மாதிரியா?" என்றார். கையை நீட்டினார். ஒரு பாட்டு முடியும்வரை சுற்றினேன். ஊசி குத்திய இடம் இன்னும் நீலமாக இருக்கிறது.

பிப்ரவரி 7
கடைசிக் காலத்தில் சியாட்டிலில் வாஷிங்டன் பல்கலைக்கழகம் அவரைச் சொல்லிக்கொடுக்கக் கூப்பிட்டிருக்கிறது. 1982இல் அமெரிக்காவின் தேசிய மரபு விருது. 1984இல் போய்விட்டார். சரி, விருது இருக்கட்டும். அந்தக் கட்டடத்தில் ராத்திரி ஷிஃப்டா, பகல் ஷிஃப்டா? வாய்க்குள்ளாவது பாடியிருப்பாரா?

பிப்ரவரி 9
கடிதம் வந்துவிட்டது. செவ்வாய்க்கிழமை, காலை பத்தரை. இரண்டு பேரையும் வரச் சொல்லியிருக்கிறார்கள். போன முறை இவரை மட்டும்தானே கூப்பிட்டார்கள்?