கேட் விளக்கு யார் பேச்சைக் கேட்கும்?

எங்கள் வீடு வேலூர் பக்கம் கணியம்பாடியிலிருந்து 2 கிலோமீட்டர் உள்ளே. முன்னால் கேட், பக்கவாட்டில் நீளமாக ஒரு சந்து, சந்து முடிகிற இடத்தில் குளியலறை, அதற்கும் பின்னால் மாட்டுக் கொட்டகை. தெருவிளக்கு கேட்டுக்கு எதிரே ஒன்றுதான். கொட்டகைப் பக்கம் ராத்திரியில் கும்மிருட்டு. விடியற்காலை 4 மணிக்கே ஆயா பால் கறக்க எழுந்து போகும். போன ஆனி மாசம் ஒரு நாள் கொட்டகை வாசலில் கிடந்த கட்டுவிரியனை வைக்கோல் பிரி என்று நினைத்துக் காலால் தள்ளப் போயிருக்கிறது. கையிலிருந்த டார்ச் வெளிச்சத்தில் வெள்ளை வளையம் தெரிந்ததால் தப்பித்தது.

"லைட்டப் போட்டுனு போனா இன்னா ஆயா?" என்றேன்.

"சுவிட்சு ஊட்டுக்குள்ள கீது, கொட்டா அங்க கீது. போட்டுட்டுப் போயிட்டா யாரு வந்து நிறுத்துறது?"

அந்தக் கேள்வியில்தான் இந்த வேலை ஆரம்பித்தது. நான் எலக்ட்ரிஷியன் இல்லை, ஷூ கம்பெனியில் கணக்கு பார்க்கிறவன். ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஸ்க்ரூ டிரைவர் பிடிப்பேன். மெயினை இறக்கிவிட்டு, டெஸ்ட் லேம்ப் வைத்து லைன் செத்துவிட்டதா என்று பார்க்காமல் எதையும் தொடமாட்டேன். வெறும் டெஸ்டரை நம்புவதில்லை. பக்கத்து வயரிலிருந்து வருகிற தூண்டல் மின்சாரத்துக்கும் அது லேசாக மினுக்கும்.

கேட்டிலிருந்து தொடங்கினேன். முதலில் வாங்கியது 24 மணி நேரம் சுற்றுகிற டைமர். 2 வாரம்கூடத் தாக்குப்பிடிக்கவில்லை. கரண்ட் போனால் அதன் சக்கரமும் நின்றுவிடும், வந்த பிறகு விட்ட இடத்திலிருந்து சுற்றும். 2 நாள் தலா 1 மணி நேரம் கரண்ட் போனால் விளக்கு 2 மணி நேரம் தாமதம். அது போகட்டும், நம் பக்கம் சூரியன் மறைகிற நேரமே ஜூலையில் கிட்டத்தட்ட 6:40, நவம்பரில் 5:45. மாசத்துக்கு ஒரு தடவை ஸ்டூல் போட்டு ஏறி முள்ளைத் திருப்புவதற்குப் பெயர் ஆட்டோமேட்டிக் இல்லை.

ஆடி மாசம் லாங்கு பஜார் போய் இருட்டினால் விளக்கைப் போட்டு, விடிந்தால் அணைக்கிற ஒரு போட்டோசெல் சென்சார் வாங்கினேன். தெருவிளக்குக் கம்பத்தில் தொங்குமே, அந்தச் சின்ன டப்பா. அதிலிருந்து கறுப்பு, வெள்ளை, சிவப்பு என்று 3 வயர். நம் வீட்டு வயரிங்கில் சிவப்பு என்றால் பேஸ், கறுப்பு என்றால் நியூட்ரல். இதில் எல்லாம் தலைகீழ்: கறுப்பில்தான் பேஸ் உள்ளே போகிறது, வெள்ளை நியூட்ரல், சிவப்பு விளக்குக்குப் போகிற லைன். பழக்க தோஷத்தில் சிவப்பில் பேஸையும் கறுப்பில் நியூட்ரலையும் கொடுக்க இருந்தேன். உள்ளே ரிலே என்கிற தானியங்கிச் சுவிட்ச் மூடினால் கறுப்பும் சிவப்பும் ஒன்றாகிவிடும், அப்புறம் நேர் ஷார்ட்தான். டப்பா மேல் ஒட்டியிருந்த படத்தைக் கடைசி நிமிஷத்தில் பார்த்தேன். வாங்குகிறவர்கள் அந்த ஸ்டிக்கரைக் கிழித்துப் போட்டுவிடாதீர்கள்.

கேட் தூண்கள் இரண்டிலும் தலா ஒரு 9 வாட் எல்.இ.டி. சென்சாரைத் தூணுக்குப் பக்கத்துச் சுவரிலேயே மாட்டினேன். சாயந்திரம் இருட்டியதும் விளக்கு எரிந்தது, எல்லாரும் வாசலில் நின்று பார்த்தோம். கொஞ்ச நேரத்தில் அணைந்தது. மறுபடி எரிந்தது. மறுபடி அணைந்தது. எதிர்வீட்டு மாமா கட்டிலில் உட்கார்ந்தபடியே, "இன்னாப்பா, உங்க ஊட்டு வெளக்கு எங்களப் பார்த்துக் கண்ணடிக்குது?" என்றார்.

காரணம் யோசித்தால் சிரிப்புதான் வரும். சுண்ணாம்புச் சுவரில் பட்டுத் திரும்புகிற தன் விளக்கின் வெளிச்சத்தையே பார்த்து, விடிந்துவிட்டது என்று சென்சார் அணைக்கிறது. அணைந்ததும் இருட்டு, உடனே போடுகிறது. அதைக் கழற்றி மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவருக்கு வெளியே, வடக்கு வானத்தைப் பார்க்கிற மாதிரி வைத்தேன். வடக்கில் நேர் வெயில் குறைவு, எதிரே இருக்கிற தெருவிளக்கும் தெரியாது. அன்றைக்கு நின்றது கண்ணடிப்பு. இன்றுவரை ஒரு நாள் தவறியதில்லை. ஆடிக் காற்றில் 4 மணிக்கே மேகம் கட்டி இருண்டால் அப்போதும் எரியும், அதை நான் குறை சொல்லமாட்டேன்.

ஐப்பசி மழையில் வேறு தலைவலி. நல்ல மழை பெய்தால் நடுராத்திரியில் வீடு மொத்தமும் இருட்டாகும், ஃப்ரிட்ஜ் உட்பட. மெயின் போர்டில், மின்கசிவு இருந்தால் கரண்டை வெட்டுகிற 30 மில்லியாம்ப் ஆர்சிசிபி விழுந்திருக்கும். விளக்குக் கூட்டின் மேல் பக்கத்துளை வழியாக வயரை இறக்கியிருந்தேன். வயரைப் பிடித்துக்கொண்டே தண்ணீர் உள்ளே இறங்கியிருக்கிறது. மழைத் தண்ணீர் புகாது என்பதற்கான ஐபி65 எண் போட்ட கூடுதான், ஆனால் நான் ஓட்டை போட்ட பிறகு அந்த எண்ணுக்கு என்ன மரியாதை? இப்போது வயர் கீழிருந்து நுழைகிறது, நுழையும் முன் ஒரு வளைவு கீழே தொங்குகிறது, தண்ணீர் அந்த வளைவிலிருந்து சொட்டிவிடும். சிலிக்கான் பசையை மேலும் பக்கவாட்டிலும் மட்டும் பூசி, அடிப்பக்கத்தைத் திறந்தே விட்டிருக்கிறேன். உள்ளே வியர்க்கிற ஈரம் வெளியேற வழி வேண்டும். வெளி விளக்குகளுக்கு ஆர்சிசிபிக்கு முன்னாலிருந்தே லைன் எடுத்து, அதே மாதிரி கசிவைப் பார்த்து வெட்டுகிற ஒரு ஆர்சிபிஓவைத் தனியாகப் போட்டதில், இனி மழை வந்தால் தோட்டம்தான் இருட்டாகும், ஃப்ரிட்ஜ் ஓடும்.

அதே மழையோடு ஈசல். கேட் விளக்கைச் சுற்றி அப்பிக்கொண்டு வீட்டுக்குள் வந்து சோற்றுத் தட்டில் விழுந்தது. அம்மா, "அத நிறுத்துடா" என்றாள். நிறுத்த சுவிட்ச் எங்கே இருக்கிறது? நான்தான் எல்லாம் ஆட்டோமேட்டிக் என்று பழைய சுவிட்சைக் கழற்றிப் போட்டிருந்தேனே. மெயின் போர்டில் போய் இறக்கினேன். வெள்ளை பல்பை மாற்றி மஞ்சள் வெளிச்ச பல்பு போட்ட பிறகு பூச்சி கொஞ்சம் குறைந்தது. ஆயாவுக்கு மட்டும் வருத்தம். விளக்குக்குக் கீழே அன்னக்கூடையில் தண்ணீர் வைத்து ஈசல் பிடித்து வறுத்த காலத்து மனுஷி அது.

ஈசலுக்காவது பொறுத்துக்கொண்டார்கள். கார்த்திகை தீபத்தன்றுதான் மானம் போனது. எங்கள் வீட்டில் 6 மணிக்குத் திருவண்ணாமலை மலையில் தீபம் ஏற்றுவதை டிவியில் பார்த்துவிட்டுத்தான் வாசலில் அகல் வைப்பார்கள். அம்மா கேட்டிலிருந்து படிவரை 2 வரிசை அகல் அடுக்கித் திரி போட்டு வைத்திருந்தாள். மலையில் கொப்பரை எரிவதற்குப் பத்து நிமிஷம் முன்பே எங்கள் கேட் விளக்கு இரண்டும் பளிச்சென்று எரிந்தன. அகல் ஏற்றியும் ஏற்றாத மாதிரிதான் இருந்தது. தெரு முழுக்க விளக்கை அணைத்துவிட்டு அகல் வெளிச்சத்தில் நிற்கிறார்கள், எங்கள் வாசல் மட்டும் கல்யாண மண்டபம். அன்றும் மெயின் போர்டுக்குத்தான் ஓடினேன்.

அந்த வாரமே திருத்தினேன். கதவுக்குப் பக்கத்தில் 2 சுவிட்ச். ஒன்று சாதாரண சுவிட்ச், அணைத்தால் எல்லாம் அணையும், யார் என்ன சொன்னாலும். இன்னொன்று மாடிப்படிக்குப் போடுகிற டூ-வே சுவிட்ச். அதன் நடுக்காலை விளக்குக்கும், ஒரு பக்கக் காலை சென்சாரின் சிவப்பு வயருக்கும், மற்ற பக்கத்தை நேர் பேஸுக்கும் கொடுத்தேன். கீழே தள்ளினால் சென்சார் சொல்கிறபடி, மேலே தள்ளினால் நேரடியாக. சென்சாருக்குத் தனி பைபாஸ் சுவிட்ச் போட்டு இரண்டையும் ஒன்றாகச் சேர்க்கிறவர்கள் உண்டு. அப்படிச் செய்தால் நேர் லைன் சென்சாரின் வெளிவாசல்வரை வந்து நிற்கும். டூ-வேயில் அந்தப் பிரச்சனை கிடையாது, ஒரு நேரத்தில் ஒரு வழிதான். செலவு நூறு ரூபாய்கூட ஆகவில்லை. ஆரம்பத்திலேயே தோன்றியிருக்க வேண்டும்.

பின்பக்கம்தான் நிஜமான சிக்கல். அங்கே ஒரே விளக்கு லைனை 3 இடத்திலிருந்து இயக்க வேண்டும்: பின்கதவு, கொட்டகை, மாடி அறை. இதற்கு வழி எல்லாருக்கும் தெரிந்ததுதான். இரண்டு ஓரத்திலும் டூ-வே, நடுவில் 4 கால் உள்ள இன்டர்மீடியட் சுவிட்ச். அது 2 வயரையும் நேராகவும் குறுக்காகவும் மாற்றி மாற்றி இணைக்கும். எந்தச் சுவிட்சைத் தட்டினாலும் விளக்கின் நிலை மாறும். ஆயாவின் கேள்விக்கு இதுவே பதில்: பின்கதவில் போட்டுக்கொண்டு போ, கொட்டகையில் நிறுத்து.

ஆசை விடவில்லை, இதிலும் போட்டோசெல்லைச் சேர்த்தேன். நேற்று ராத்திரி யாராவது அணைத்திருந்தால் இன்று சாயந்திரம் எரியாது. நேற்று அணைக்காமல் விட்டிருந்தால் எரியும். இந்தச் சுவிட்சுகளுக்கு மேல் கீழ் என்று அர்த்தமே கிடையாது என்பதால், பார்த்தும் கண்டுபிடிக்க முடியாது. வீட்டில் ஆளாளுக்கு வந்து தட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். கூடவே, அணைந்த பல்பு ராத்திரியில் மின்மினி மாதிரி மங்கலாக ஒளிர்ந்தது. நீளமான வயர்கள் ஒரே பைப்பில் ஒட்டிப் போவதால் ஒன்றிலிருந்து ஒன்றுக்குக் கசிகிற மின்சாரம் எல்.இ.டி.க்குப் போதும். பழைய குண்டு பல்பாக இருந்தால் தெரிந்தே இருக்காது.

தை மாசம் ஒரு சின்ன வைஃபை ரிலே வாங்கி, நண்பன் ஒருவனிடம் கொடுத்து அதை நம் இஷ்டப்படி இயக்க விடுகிற டாஸ்மோட்டா மென்பொருளை ஏற்றினேன். இப்போது 3 சுவிட்சும் விளக்குக்குக் கரண்ட் கொண்டுபோவதில்லை. ரிலேயின் எஸ்1, எஸ்2 முனைகளுக்குத் தகவல் மட்டும் சொல்கின்றன. எந்தச் சுவிட்ச் அசைந்தாலும் ரிலே தன் நிலையை மாற்றிக்கொள்ளும். சுவிட்சுச் சங்கிலியின் இரண்டு முனையும் ரிலேக்கு வந்து சேர வேண்டும் என்பதால் பின்கதவிலிருந்து மாடிக்கு ஒரு வயர் கூடுதலாக இழுத்தேன். பழைய பேஸைச் சங்கிலியிலிருந்து முழுசாகப் பிரித்துவிட வேண்டும், ஒரு இழை விட்டாலும் ரிலே புகைந்துவிடும். இன்னொன்று, எஸ்1, எஸ்2 தானே, பேட்டரி வயர் மாதிரி என்று நினைக்காதீர்கள். இந்த வகை ரிலேயில் அந்த முனைகளும் 230 வோல்ட்டோடு ஒட்டியவைதான். தொட்டால் அடிக்கும். அதற்கும் வீட்டு வயரைத்தான் போட வேண்டும்.

வேலூரின் அட்சரேகை 12.9, தீர்க்கரேகை 79.1 என்று கொடுத்தால் அன்றன்றைய சூரிய உதயத்தையும் மறைவையும் அதுவே கணக்குப் போடுகிறது. மறைந்ததும் எரி, 10:30க்கு அணை, விடியற்காலை 4 மணிக்கு எரி, உதயத்தில் அணை. முதல் நாள் சரியாகச் சாயந்திரம் எரிந்தது. 10:30க்கு அணையவில்லை. 3 மணிக்கு அணைந்ததாம். ஆயா போகும்போது இருட்டு. காலை 8:30க்குச் சூரிய வெளிச்சத்தில் ஜம்மென்று எரிகிறது. மண்டையைப் பிய்த்துக்கொண்ட பிறகு தெரிந்தது: டைம்ஜோன் +1 என்று இருந்திருக்கிறது, நம்முடையது +5:30. சூரியக் கணக்குக்கு இது உறைக்கவில்லை, கடிகார நேரம் மட்டும் 4½ மணி தள்ளிப்போயிருக்கிறது.

கிணற்று மோட்டார் ஸ்டார்ட் ஆகும்போது சில தடவை விளக்கு தானாக மாறியது. நீள வயரில் ஏறுகிற மின் இரைச்சலைச் சுவிட்ச் தட்டியதாக ரிலே எடுத்துக்கொண்டிருக்கிறது. சுவிட்ச் எவ்வளவு நேரம் நிலையாக இருந்தால் நம்புவது என்கிற டிபவுன்ஸ் அமைப்பை 50 மில்லிசெகண்டிலிருந்து 200 ஆக்கியதும் அடங்கியது. கரண்ட் போய் வந்தால் ரிலேக்கு மணி தெரியாது, இன்டர்நெட்டில் கேட்டுத்தான் தெரிந்துகொள்ளும். அதனால் ரவுட்டரை இன்வெர்ட்டரில் சேர்த்திருக்கிறேன். கேட்டுக்கு வைஃபை போடாததற்கும் அதுதான் காரணம். போட்டோசெல்லுக்கு மணியும் வேண்டாம், நெட்டும் வேண்டாம்.

சந்துக்கு ஆள் அசைந்தால் எரிகிற பிஐஆர் சென்சார். மாசியில் போட்டபோது 6 மீட்டருக்கு அப்பாலேயே பிடித்தது. அக்னி நட்சத்திரத்தில் குளியலறைக் கதவைத் தொடுகிறவரை எரியவில்லை. உடம்புச் சூட்டுக்கும் சுற்றுப்புறச் சூட்டுக்கும் உள்ள வித்தியாசத்தைத்தான் அது பார்க்கிறது. வேலூர் வெயிலில் ராத்திரி 8 மணிக்கும் சுவர் கொதிக்கிறது, மனுஷனுக்கும் சுவருக்கும் என்ன வித்தியாசம்? சந்தின் முனையிலிருந்து நேராகப் பார்த்ததைக் கழற்றி, நடப்பவர்கள் குறுக்கே கடக்கிற மாதிரிப் பக்கச் சுவரில் வைத்தேன். குறுக்கு அசைவை அது நன்றாகப் பிடிக்கும். இப்போது பரவாயில்லை. பூனைக்கும் எரிகிறது.

அப்பாவுக்கு ஒரே கவலை பில். நாலு 9 வாட் பல்பு 12 மணி நேரம் எரிந்தாலும் 2 மாசத்துக்கு 26 யூனிட்தான், 100 யூனிட் இலவசம் என்று கணக்கு எழுதிக் காட்டினேன். "அந்த 100-ல ஃப்ரிட்ஜும் மோட்டாரும் ஓடத்தாவல?" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

போன வாரம் ஆயா, "லைட்டு ரிப்பேரு, நான் போடுறப்ப அணஞ்சி பூடுது" என்றது. 4 மணிக்கு எழுந்து நின்று பார்த்தேன். டைமர் சரியாக எரியவிட்டிருக்கிறது. ஆயா பழக்கத்தில், கதவைத் திறப்பதற்கு முன்பே, உள்ளே இருந்தபடி சுவிட்சைத் தட்டுகிறது. எரிகிற விளக்கு அணைகிறது. "முன்னமே எரியுது ஆயா, தட்டாதே" என்றேன். "கையி தானா போவுது, நான் இன்னா பண்றது?"

4 மணி டைமரை எடுத்துவிட்டேன். இப்போது ஆயாவே போடுகிறது, கொட்டகையில் ஆயாவே நிறுத்துகிறது.