கடிதம் ஒரு நாள் வரும், சிஸ்டம் இன்னொரு நாள் மாறும்

கலிபோர்னியாவில் 58 கவுண்டிகள், நம் ஊர் மாவட்டங்கள் போல. மெடி-கால் (மருத்துவக் காப்பீடு), கால்ஃப்ரெஷ் (உணவு உதவி), கால்வொர்க்ஸ் (குடும்பங்களுக்குப் பண உதவி) எல்லாம் மாநிலத்தின் பெயரில் நடந்தாலும், விண்ணப்பத்தை வாங்கி, சம்பளச் சீட்டைப் பார்த்து, இந்தக் குடும்பத்துக்குத் தகுதி உண்டா இல்லையா என்று முடிவு போடுவது கவுண்டி அலுவலகத்தில் இருக்கும் எலிஜிபிலிட்டி வொர்க்கர்கள். சான் ஃபிரான்சிஸ்கோவைச் சுற்றியுள்ள பே ஏரியாவில் ஒரு கவுண்டியில் நானும் அந்த வேலையில்தான் இருக்கிறேன். இந்த வேலைக்குப் பரீட்சை எழுதிவிட்டுக் காத்திருக்கும் தமிழ் நண்பர்கள் சிலர், 2023ஐ எப்படிக் கடந்தீர்கள் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள், அதனால் எழுதுகிறேன்.

2023ல் என்ன விசேஷம் என்றால், கொரோனா காலத்துச் சலுகைகள் முடிந்ததும், நாங்கள் வேலை செய்யும் கணினி சிஸ்டம் மாறியதும் ஒரே வருடத்தில் நடந்தன. முன்பு மாநிலத்தில் மூன்று சிஸ்டங்கள் இருந்தன. 39 கவுண்டிகளுக்கு சி-ஃபோர், எங்களுடையது உட்பட 18 கவுண்டிகளுக்கு கால்வின், லாஸ் ஏஞ்சலஸுக்குத் தனியாக ஒன்று. எல்லாவற்றையும் கால்சாஸ் என்ற ஒரே சிஸ்டத்துக்குள் கொண்டுவந்தார்கள். சி-ஃபோர் கவுண்டிகள் 2021 செப்டம்பரில் போய்விட்டன. கால்வின் கவுண்டிகள் 2022 அக்டோபரில் ப்ளேசரும் யோலோவும் தொடங்கி, அலை அலையாக 2023 கடைசி வரை மாறின.

ஆனால் முதலில் வந்த அடி சிஸ்டத்தால் அல்ல. கால்ஃப்ரெஷில் கொரோனாவுக்காகக் கொடுத்துவந்த கூடுதல் தொகை 2023 பிப்ரவரியோடு நின்றது. அது வரைக்கும் தனியாக வாழும் ஒரு பெரியவருக்குக் கணக்குப்படி 23 டாலர்தான் வரும் என்றாலும், கூடுதல் தொகை சேர்ந்து அதிகபட்சமான 281 டாலர் கார்டில் ஏறும். அடுத்த மாதம் வெறும் 23. ஃபோனில் அழுதவர்கள் உண்டு, கோபப்பட்டவர்கள் உண்டு, "நான் என்ன தப்பு செய்தேன்?" என்று மட்டும் கேட்டுவிட்டு அமைதியானவர்களும் உண்டு. அமெரிக்க காங்கிரஸ் போட்ட சட்டம் என்று சொல்லிவிட்டு ஃபோனை வைத்துவிடலாம்தான், ஆனால் எனக்கு அது பதிலாகவே தெரியவில்லை. 60 வயது நிரம்பியவர்களும் மாற்றுத்திறனாளிகளும் மாதம் 35 டாலருக்கு மேல் மருத்துவச் செலவு செய்தால் அதைக் கணக்கில் கழிக்கலாம் என்று ஒரு பழைய விதி இருக்கிறது. கொரோனா காலத்து மூன்று வருடமும் எல்லோருக்கும் எப்படியும் அதிகபட்சம் கிடைத்துக்கொண்டிருந்ததால் அதை யாரும் கேட்கவும் இல்லை, சொல்லவும் இல்லை. நாங்கள் ஒவ்வொரு அழைப்பிலும் கேட்க ஆரம்பித்தோம்: மருந்துக்கு எவ்வளவு, பல் வைத்தியத்துக்கு எவ்வளவு, டாக்டரிடம் போக பஸ்ஸுக்கு எவ்வளவு, வாடகை ஏறியிருக்கிறதா? கேட்டதில் பலருக்குத் தொகை கொஞ்சமாவது உயர்ந்தது.

அப்புறம் மெடி-கால். 2020 மார்ச்சிலிருந்து கிட்டத்தட்ட யாரையும் நீக்கக் கூடாது என்று இருந்தது. அது 2023 மார்ச் 31ல் முடிந்து, ஜூனிலிருந்து ரினியூவல்கள் வரிசையாக வந்தன. மூன்று வருடத்தில் வீடு மாறாதவர்கள் யார்? மஞ்சள் உறையில் போன படிவங்கள் பழைய முகவரிகளுக்குப் போய்த் திரும்பி வந்தன. பதில் வராவிட்டால் கேஸ் மூடப்படும், மூடினால் அந்த வீட்டில் இருக்கும் சர்க்கரை நோயாளிக்கு இன்சுலின் எங்கிருந்து வரும்? அதனால் படிவம் அனுப்பும் முன் கையில் இருக்கும் தகவலை வைத்தே புதுப்பிக்க முடியுமா என்று பார்ப்பதுதான் எனக்கு எப்போதும் முதல் வேலை. விதியும் அதையேதான் சொல்கிறது. மூடிய பிறகும் 90 நாளுக்குள் கேட்டதைக் கொடுத்துவிட்டால் புது விண்ணப்பம் வேண்டாம், பழைய கேஸையே திறக்கலாம். இதைத் தெரியாமல் மறுபடி முதலிலிருந்து விண்ணப்பித்தவர்கள் ஏராளம்.

இதற்கு நடுவில் சிஸ்டம் மாறியது. பயிற்சி நடந்தது, வீடியோக்கள் பார்த்தோம், சில நாட்கள் பழைய சிஸ்டம் பார்ப்பதற்கு மட்டும் திறந்திருந்தது, பிறகு ஒரு காலையில் புதிது. பல வருடம் கண்ணை மூடிக்கொண்டு செய்த வேலைக்கு ஒவ்வொரு பட்டனாகத் தேட வேண்டியிருந்தது, சமையலறைச் சாமான்களை வேறு யாரோ அடுக்கி வைத்தது போல. அதைவிடப் பெரிய கவலை, மாற்றப்பட்ட கேஸ்களில் வருமானமும் குடும்ப உறுப்பினர்களும் சரியான இடத்தில் வந்து உட்கார்ந்திருக்கிறார்களா என்பது. எங்கள் சூப்பர்வைசர் ஒரு பழக்கம் சொல்லிக்கொடுத்தார்: இ.டி.பி.சி. (தகுதியையும் தொகையையும் சிஸ்டமே கணக்கிடும் வசதி) ஓட்டினால் வரும் முடிவை உடனே சேமிக்காதே, முதலில் காகிதத்தில் நீயே கணக்குப் போடு. ஒரு பெரியவருக்கு மெடி-கால் என்றால் வருமானம் வறுமைக்கோட்டின் 138 சதவீதத்துக்குள் இருக்கிறதா என்பது ஒரு வரிக் கணக்கு. இரண்டும் ஒத்துப்போனால் சேமி, இல்லையென்றால் ஏன் என்று தேடு. வேலை மெதுவானது, வரிசையில் கேஸ்கள் குவிந்தன. ஆனாலும் அது சரியான வழி என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

இனி முக்கியமானதுக்கு வருகிறேன். கொள்கை மாற்றம் எங்களுக்குக் கடிதமாக வரும். சமூக சேவைத் துறையிலிருந்து வருவது ஏ.சி.எல்., சுகாதாரத் துறையிலிருந்து வருவது ஏ.சி.டபிள்யூ.டி.எல்., அல்லது மெடில். எல்லாமே பொதுவில் கிடைக்கும், யார் வேண்டுமானாலும் படிக்கலாம். கவுண்டி அதைச் சுருக்கி ஒரு மெமோவாகத் தரும். நேரம் இல்லாததால் பலர் மெமோவோடு நிறுத்திவிடுவார்கள். நான் கடிதத்தையே படிக்கச் சொல்வேன், ஏனென்றால் விதிவிலக்குகள் எப்போதும் கடிதத்தின் நடுப் பக்கங்களில்தான் இருக்கும், சுருக்கத்தில் முதலில் விடுபட்டுப் போவதும் அவைதான்.

கடிதத்தில் சொன்ன தேதியில் சிஸ்டமும் படிவமும் தயாராக இருக்கும் என்றும் இல்லை. சொத்து வரம்பை எடுத்துக்கொள்ளுங்கள். முதியோருக்கான மெடி-காலில் பல வருடமாகத் தனி நபருக்கு 2,000 டாலர், தம்பதிக்கு 3,000 டாலர் என்று இருந்தது. 2022 ஜூலையில் அது தனி நபருக்கு 1,30,000 டாலர் ஆனது. 2024 ஜனவரி 1ல் வரம்பே போய்விட்டது. ஆனால் பழைய படிவங்கள் புழக்கத்தில் இருந்த வரை சொத்துக் கேள்விகளும் அவற்றில் இருந்தன. பிள்ளைகளோடு இருக்கும் தமிழ்ப் பெற்றோர்கள் அந்தப் பக்கத்தைப் பார்த்தே பயந்துவிடுவார்கள். "ஊர்ல ஒரு மனை இருக்கு தம்பி, அதை எழுதணுமா? நகையைக் காட்டணுமா?" என்று கேட்பார்கள். "வேண்டாம்மா, அந்தப் பக்கத்தை விட்டுடுங்க, இப்ப அது கணக்கில் இல்லை" என்று சொல்ல முடிந்தது கடிதத்தைப் படித்திருந்ததால்தான். அதோடு, கேஸில் குறிப்பு எழுதும்போது கடிதத்தின் எண்ணையும் எந்தத் தேதியிலிருந்து செல்லும் என்பதையும் போட்டுவிடுவேன். பிறகு வேறு ஒரு வொர்க்கர் அந்தக் கேஸைத் திறந்தால், ஏன் சான்று கேட்கவில்லை என்று குழம்பி அந்தக் குடும்பத்துக்கு மறுபடி ஒரு நோட்டீஸ் அனுப்ப மாட்டார்.

அதே வரம்பு 2026 ஜனவரியில் திரும்பி வந்துவிட்டது: ஒருவருக்கு 1,30,000, கூடுதலாக ஒவ்வொருவருக்கும் 65,000. ஆக, 2024ல் மனையை விட்டுவிடச் சொன்ன அதே குடும்பத்திடம் இப்போது அதைப் பற்றிக் கேட்க வேண்டியிருக்கிறது. "அன்னைக்கு வேண்டாம்னு சொன்னீங்களே" என்பார்கள். அவர்கள் கேட்பது நியாயம். தேதி போட்ட பழைய குறிப்பு இருந்தால் எது எப்போது மாறியது என்று பொறுமையாக விளக்கலாம்.

இதே ஜனவரியில் குடியேற்ற ஆவணம் இல்லாத 19 வயது நிரம்பியவர்களை (கர்ப்பிணிகள் தவிர) முழு மெடி-காலில் புதிதாகச் சேர்ப்பதும் நின்றுவிட்டது. ஏற்கெனவே உள்ளே இருப்பவர்கள் ரினியூவலைத் தவறவிட்டால் எப்போது வேண்டுமானாலும் மறுபடி விண்ணப்பிக்கலாம் என்ற நிலை இப்போது இல்லை. அதனால் இவர்களுடைய முகவரியையும் ஃபோன் எண்ணையும், வேறு எதற்காக அழைத்தாலும், முதலில் சரிபார்த்துவிடுகிறேன்.

2025 ஜூலையில் கையெழுத்தான கூட்டாட்சிச் சட்டப்படி, 2027 ஜனவரிக்குள் மெடி-காலில் 19 முதல் 64 வயது வரை பலருக்கு மாதம் 80 மணி நேர வேலை நிபந்தனை வரும், அவர்களுக்கு ரினியூவலும் வருடத்துக்கு ஒன்று என்பது ஆறு மாதத்துக்கு ஒன்றாகும். யார் யாருக்கு விலக்கு என்பதைத்தான் முதலில் படிக்க வேண்டும்: சிறு பிள்ளைகளின் பெற்றோர், கர்ப்பிணிகள், உடல்நலம் மிகவும் குன்றியவர்கள் என்று அந்தப் பட்டியல் நீளமானது. வேலைக்குச் சேரப்போகும் நண்பர்களே, பயிற்சி தொடங்கும் வரை காத்திருக்காமல் அந்தப் பட்டியலை இப்போதே படிக்க ஆரம்பித்துவிடுங்கள். சந்தேகம் வந்தால் என்னிடம் கேளுங்கள், சேர்ந்து பார்ப்போம்.