பூச்சி அரித்த இலை

காகா யூசென் என்ற பட்டுச் சாய ஓவிய முறையில் செய்த கிமோனோவில் (ஜப்பானியரின் மரபு உடை) பூக்களைவிட எனக்குப் பிடித்தது பூச்சி அரித்த இலைதான். ஜப்பானின் கனசாவாவில் பட்டில் இலை வரையும்போது புழு கடித்த ஓட்டையையும், ஓரம் பழுத்த நிறத்தையும் வேண்டுமென்றே சேர்க்கிறார்கள். தோட்டத்தில் இருப்பது அப்படியே துணிக்கு வரணும், அவ்வளவுதான்.

நிறமும் அடக்கமானதே. கருஞ்சிவப்பு, அவுரி நீலம், காவி மஞ்சள், புல் பச்சை, பழங்கால ஊதா என்று ஐந்து. இதழின் ஓரத்தில் அடர்த்தியாகத் தொடங்கி உள்ளே போகப் போக வெளிறும். கியோத்தோ நகரத்தில் யூசென் செய்பவர்கள் இதற்கு நேர் எதிர். தங்க இழை, பூவேலை எல்லாம் சேர்ப்பார்கள். என் ஓட்டு கனசாவாவுக்கே!

செய்முறைதான் அபாரம். கானாம்வாழை இனத்துப் பூ ஒன்றின் நீலச் சாற்றால் முதலில் கோடு போடுகிறார்கள். தண்ணீர் பட்டால் அந்த நீலம் போய்விடும். அதன்மேல் மருதாணிக் கோன் மாதிரி ஒன்றில் ஒட்டரிசிப் பசையை நூலிழையாகப் பிழிந்தால் சாயம் எல்லை தாண்டாது. நீராவியில் வைத்து, பசையை அலசி எடுத்ததும் ஒவ்வொரு இதழையும் சுற்றி மெல்லிய வெள்ளைக் கோடு நிற்கும். அந்தக் காலத்தில் அசானோ ஆற்றில்தான் அலசுவார்களாம். இப்போது பெரும்பாலும் கட்டிடத்துக்குள் அமைத்த ஓடையில்.

எல்லாவற்றுக்கும் பின்னால் இருக்கும் பெயர், 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் கியோத்தோவில் விசிறி ஓவியராகப் புகழ்பெற்ற மியாசாகி யூசென்சாய்.

உடுத்துவதற்கும் கணக்கு உண்டு. செர்ரிப் பூக் கிமோனோவை மரம் பூக்கும் முன்பே கட்டிவிட வேண்டும்; நிஜப் பூவோடு போட்டி போடுவது நாகரிகம் இல்லையாம். நான்கு பருவத்துப் பூவும் கலந்த வடிவம் என்றால் வருடம் முழுக்க உடுத்தலாம். ஒன்றே ஒன்றுதான் வாங்கக் காசு என்றால் அதையே எடுப்பேன்.