தெர்மாகோல் மயில் செதுக்கும் தம்பிகளுக்கு
தைப்பூச ரதத்தில் வைக்க ஆறடி மயில் ஒன்றைத் தெர்மாகோலில் செதுக்கிக்கொண்டிருக்கிறோம். தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த் பகுதியில் உள்ள எங்கள் வீட்டு கராஜ்தான் பட்டறை. வெள்ளை மணிகள் தெருவெல்லாம் பறக்குமே என்று, டர்பன் புழுக்கத்திலும் முதல் நாள் கதவைச் சாத்திவிட்டோம். அது பெரிய தவறு. சூட்டுக் கம்பியால் அறுக்கத் தொடங்கி அரை மணி நேரத்தில் தம்பிக்குத் தலைவலி, எனக்குத் தொண்டை எரிச்சல்.

தெர்மாகோல் உருகும்போது ஸ்டைரீன் ஆவி வரும். தூசிக்குப் போடும் என்95 முகமூடி அதைத் தடுக்காது. ரசாயன ஆவியை உறிஞ்சும் கரி வடிகட்டி உள்ள முகமூடி வேண்டும், கதவும் திறந்திருக்க வேண்டும். கம்பி சிவக்கவே கூடாது. புகை கூடினால் சூட்டைக் குறையுங்கள். பாலியூரித்தேன் ஃபோம் என்ற வேறு வகை நுரைப் பொருளை மட்டும் சூட்டுக் கம்பியால் தொடாதீர்கள். அந்தப் புகையில் சயனைடு வாயுகூட இருக்கும். அதற்குக் கத்தியும் ரம்பமும்தான்.

சரி, நான் அதிகம் நம்புவது நீளமான ரொட்டிக் கத்தியைத்தான். கழுத்து வளைவுக்கு மட்டும், பிளேடு நுனியை ஒடித்துப் புதுப்பிக்கும் கட்டர். பிளேடு மழுங்கினால் உடனே நுனியை உடைத்துவிடுங்கள். மழுங்கிய பிளேடுதான் வழுக்கி விரலுக்கு வரும்.

சாதாரண ஸ்ப்ரே பெயின்ட் அடித்தால் தெர்மாகோல் கரைந்து குழி விழும். தண்ணீர் கலக்கும் சுவர் பெயின்ட் போதும்.

அப்புறம், தெர்மாகோல் சட்டென்று தீப்பிடிக்கும். கற்பூரத் தட்டு மயிலை நெருங்காமல் பார்த்துக்கொள்ள ரதத்தின் பக்கத்திலேயே ஒருவரை நிறுத்தப்போகிறோம். நீங்களும் நிறுத்துங்கள்.