கெய்ன் 120 வரோணும், 20 தான் வருதுங்களா?

கோவை, ஈரோடு பக்கம் ஈசிஇ (எலக்ட்ரானிக்ஸ்) படிக்கிற தம்பி தங்கைகளுக்கு. எல்டிஸ்பைஸில் (சர்க்யூட்டைக் கம்ப்யூட்டரில் ஓட்டிப் பாக்குற சாஃப்ட்வேர்) காமன் எமிட்டர் ஆம்ப், அதாவது ஒத்தை டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபையரோட கெய்ன் (சிக்னல் எத்தனை மடங்கு பெருகுதுங்கிறது) குறைஞ்சா உடனே டிரான்சிஸ்டரை மாத்தாதீங்க. முதல்ல டிசி வோல்டேஜ் பாருங்க. 12 வோல்ட் சப்ளை, கலெக்டரில் 4.7 கிலோ ஓம், எமிட்டரில் 1 கிலோ ஓம், கரண்ட் 1 மில்லி ஆம்பியர்னா, கலெக்டரில் 7.3 வோல்ட், எமிட்டரில் 1 வோல்ட் வந்தாகோணும்.

அது சரின்னா, பெரும்பாலும் எமிட்டர் பைபாஸ் கெபாசிட்டர்தானுங்க (எமிட்டர் 1 கிலோவுக்கு இணையா, சிக்னலுக்குக் குறுக்கு வழியாப் போடறது). 1 கிலோ ஹெர்ட்ஸில் 1 மைக்ரோ ஃபாரட் கெபாசிட்டர் சிக்னலுக்குக் கிட்டத்தட்ட 159 ஓம் தடையா நிக்கும். இதை அந்த 1 கிலோவோட ஒப்பிட்டு "சின்னதுதானே"ன்னு விட்டுடறாங்க. ஒப்பிட வேண்டியது டிரான்சிஸ்டருக்குள்ள இருக்கிற 26 ஓமோட (26 மில்லி வோல்ட்டை 1 மில்லி ஆம்பியரால் வகுத்தது). அவுட்புட்டில் 10 கிலோ லோடு சேர்ந்தா கலெக்டர் பக்கம் 3.2 கிலோ, அந்த 1 மைக்ரோ ஃபாரட்டோட கெய்ன் 20-க்கு இறங்கிடும். 100 மைக்ரோ ஃபாரட் போடுங்க, 120-ஐத் தாண்டும்.

ஏசி அனாலிசிஸில் (ஒவ்வொரு ஃப்ரீக்வென்சியிலும் கெய்ன் காட்டுறது) சோர்ஸ் அளவு 1 வைங்க. 0.01 வெச்சா கிராஃப் 40 டெசிபல் கீழே காட்டும். 1 வோல்ட் உள்ளே போனா கிளிப் ஆகுமேன்னு (அலையோட உச்சி வெட்டுப்படுமேன்னு) பயப்பட வேண்டாம், அந்த அனாலிசிஸுக்குக் கிளிப்பிங்கே தெரியாது. நேரப்படி அலையைக் காட்டுற டிரான்சியண்ட் அனாலிசிஸில் மட்டும் 1 மில்லி வோல்ட் கொடுங்க. 10 மில்லி கொடுத்தாலே அலை கோணிக்கும்.

இன்னொண்ணு: மெகா ஓமுக்கு வெறும் 'எம்' (M) போட்டா ஸ்பைஸ் அதை மில்லி ஓம்னு எடுத்துக்கும். 'மெக்'னு (MEG) மூணு எழுத்தும் அடிக்கோணுமுங்க.