இ-இன்வோய்ஸ்: விற்பனையை விடக் கொள்முதலைக் கவனியுங்கள்

மலேசியாவில் வரி வாரியத்துக்கு இணையவழியே அனுப்பும் விலைப்பட்டியலான இ-இன்வோய்ஸுக்குப் புது மெஷின் வாங்க வேண்டிய கட்டாயம் இல்லை. வருமான வரி வாரியத்தின் மைஇன்வோய்ஸ் தளம் இலவசம். வாரியத்தின் இணைய வரிக் கணக்கான மைடெக்ஸ் இருந்தால் உள்ளே போய்விடலாம். சென்டிரியான் பெர்ஹாட், அதாவது தனியார் நிறுவனம், என்றால் முதலில் இயக்குநர் தன் மைடெக்ஸில் நிறுவனத்துக்கான பொறுப்பைப் பதிந்து ஏற்க வேண்டும், பிறகு ஊழியரையோ கணக்காளரையோ பிரதிநிதியாக நியமிக்கலாம். கோலாலம்பூரின் மஸ்ஜித் இந்தியாவிலும் பிரிக்ஃபீல்ட்ஸிலும் நம் கடைக்காரர்கள் பலர் மென்பொருள் விலையைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறார்கள். சிக்கல் இருப்பது வேறு இடத்தில்.

முதலில், யாருக்கு இது கட்டாயம்? 2024 ஆகஸ்ட் 1-இல் ஆண்டுக்கு 10 கோடி வெள்ளிக்கு மேல் விற்றவர்களிடம் தொடங்கி, படிப்படியாக இறங்கி, 2026 ஜனவரி 1 முதல் 10 லட்சத்துக்கும் 50 லட்சத்துக்கும் இடைப்பட்டவர்களிடம் வந்து நிற்கிறது. 10 லட்சத்துக்குக் கீழே விலக்கு. இந்த 10 லட்சம் லாபம் அல்ல, மொத்த விற்பனை. நாளுக்கு 2,740 வெள்ளி கல்லாவில் விழும் மளிகைக் கடை ஆண்டுக் கடைசியில் அந்தக் கோட்டைத் தொட்டுவிடும். அரிசியிலும் எண்ணெயிலும் மிஞ்சுவது எவ்வளவு சொற்பம் என்பது கடை நடத்துகிறவர்களுக்குத் தெரியும். விற்பனையை மட்டும் வைத்துக் கோடு போடுவது, லாபம் மெலிந்த வியாபாரத்தின் மேல்தான் அதிகச் சுமையை ஏற்றுகிறது. வரம்பை 5 லட்சத்திலிருந்து உயர்த்தியது நல்ல முடிவு. ஆனால் மளிகைக் கடைக்கு அதுவும் போதாது என்பதே என் கருத்து. இன்னொன்றையும் கவனியுங்கள்: ஒரே ஆள் பெயரில் இரண்டு மூன்று என்டர்பிரைஸ் (தனி ஆள் பெயரில் பதிந்த வியாபாரம்) இருந்தால் விற்பனையைக் கூட்டித்தான் பார்ப்பார்கள். கடையைப் பிரித்துப் பதிந்து தப்பிக்க முடியாது.

விற்பனைப் பக்கம் எளிது. இன்வோய்ஸ் கேட்காத வாடிக்கையாளர்களின் ரசீதுகளையெல்லாம் மாதம் முடிந்து 7 நாளுக்குள் ஒரே தொகுப்பு இன்வோய்ஸாக அனுப்பலாம். வாங்கியவர் இடத்தில் 'பொதுமக்கள்', அதற்கான பொது டின் நம்பர் (வரி அடையாள எண்), பொருள் வகைக் குறியீடு 004. ரசீது எண்கள் தொடர்ச்சியாக இருந்தால் 0001 முதல் 0450 வரை ஒரே வரியில் எழுதலாம். 0451-க்கு வாடிக்கையாளர் தனி இன்வோய்ஸ் கேட்டு வாங்கியிருந்தால் அடுத்த வரி 0452-இல் தொடங்க வேண்டும். இங்கேதான் தவறு நடக்கிறது. தனியாகப் போட்ட ரசீதைத் தொகுப்பிலிருந்து கழிக்க மறந்தால் ஒரே விற்பனை இரண்டு முறை கணக்கில் ஏறும். கல்லா மெஷின் தினமும் எண்ணை 1-க்குத் திருப்புகிறது என்றால் அதை இன்றே மாற்றச் சொல்லுங்கள். புது முறைக்குப் பழகத் தரப்பட்ட தளர்வுக் காலம் முடிந்த பிறகு, 10,000 வெள்ளியைத் தாண்டும் ஒரு விற்பனையைத் தொகுப்பில் சேர்க்க முடியாது. கல்யாணப் பட்டு எடுக்க வருகிறவர்களிடமும் பெரிய கேட்டரிங் ஆர்டர் தருகிறவர்களிடமும் பெயர், மைகார்டு (அடையாள அட்டை) எண், முகவரி வாங்கி வைக்கும் பழக்கம் இப்போதே வரட்டும். டின் நம்பரும் அடையாள எண்ணும் ஒரே ஆளுடையதாக இல்லாவிட்டால் தளம் இன்வோய்ஸை ஏற்காது.

இனி கொள்முதல். வாங்குகிற நீங்களே, விற்றவர் சார்பில் இன்வோய்ஸ் போட வேண்டிய இடங்கள் உண்டு. அதற்கு செல்ஃப்-பில் என்று பெயர். நம் கடைகளில் இரண்டு இடத்தில் இது கட்டாயம் வரும்.

ஒன்று வாடகை. கடை வீட்டு உரிமையாளர் தனி ஆளாக இருந்து, வாடகையை வியாபாரமாக நடத்தாதவர் என்றால், மாத வாடகைக்கு நீங்கள்தான் செல்ஃப்-பில் போட வேண்டும். உரிமையாளர் நிறுவனம் என்றால் அவர்களே போடுவார்கள்.

இரண்டாவது இறக்குமதி. சூரத்திலிருந்தோ சென்னையிலிருந்தோ சேலை வரவழைத்தால், அங்கே உள்ள வியாபாரிக்கு நம் தளத்தில் கணக்கு இல்லை. அவர் சார்பில் நீங்கள் போடுகிறீர்கள். விற்றவர் இடத்தில் வெளிநாட்டவருக்கான பொது டின் நம்பர், குறியீடு 034, அத்துடன் சுங்கத் துறையின் இறக்குமதி அறிவிப்பான கே1 பாரத்தின் எண். சுங்க அனுமதி கிடைத்த மாதத்தை விட்டு, அடுத்த இரண்டாம் மாதக் கடைசிக்குள் அனுப்ப வேண்டும். தீபாவளிச் சரக்கு செப்டம்பரில் கிள்ளான் துறைமுகத்தில் வெளியானால் கெடு நவம்பர் 30. பண்டிகை நெருக்கடியில் இதுதான் முதலில் மறந்துபோகும். கே1 நகல் ஏஜெண்டிடமே தங்கிவிடுவது இன்னொரு தொல்லை. சரக்கு வந்த அன்றே கேட்டு வாங்குங்கள்.

வாழை இலை, பூ, முறுக்கு கொண்டுவந்து போடுகிறவர்களுக்கும் செல்ஃப்-பில் போட வேண்டுமா? தொடர்ந்து விற்கிறவர் என்றால் அது வியாபாரம். விற்பனை 10 லட்சத்துக்குக் கீழே இருப்பதால் அவருக்கு விலக்கு. அவர் தரும் சாதாரண ரசீதே உங்கள் செலவுக்கு ஆதாரம். தேதி, தொகை, அவர் பெயர் எழுதிய ரசீதாக அது இருக்க வேண்டும்.

அனுப்பிய இன்வோய்ஸில் பிழை இருந்தால் 72 மணி நேரத்துக்குள் ரத்து செய்யலாம். அதன் பிறகு தொகையைக் குறைக்கும் கிரெடிட் நோட், கூட்டும் டெபிட் நோட் போன்றவை வழியாகத்தான் திருத்த முடியும். சனிக்கிழமை இரவு அனுப்பினால் ஞாயிறும் அந்த 72 மணி நேரத்தில் சேர்ந்துதான் ஓடும், ஆகவே வார நடுவில் அனுப்புவது நல்லது. இன்வோய்ஸ் போடத் தவறினால், வருமான வரிச் சட்டம் 1967, பிரிவு 120-இன்படி ஒவ்வொரு தவறுக்கும் 200 முதல் 20,000 வெள்ளி வரை அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டுமே. தளர்வுக் காலத்தில் எல்லாவற்றையும், செல்ஃப்-பில்லையும்கூட, மாதத் தொகுப்பாக அனுப்பினால் நடவடிக்கை இல்லை. ஒன்றுமே அனுப்பாமல் இருப்பதற்கு அந்தச் சலுகை பொருந்தாது.

கணக்காளரிடம் விட்டுவிட்டால் போதும் என்று இருக்காதீர்கள். வீட்டு உரிமையாளரின் மைகார்டு எண்ணும் கே1 எண்ணும் கணக்காளரிடம் இல்லை, உங்களிடம்தான் வரும். வாடகை ஒப்பந்தத்தை அடுத்த முறை புதுப்பிக்கும்போது, உரிமையாளர் தன் டின் நம்பரையும் மைகார்டு எண்ணையும் தர வேண்டும் என்று ஒரு வரியைச் சேர்த்துக் கையெழுத்து வாங்கிவிடுங்கள்.